ஆட்டுக்கறி ரெண்டாங்: எண்ணெய் பிரியவில்லை, கறி மட்டும் நாராகிவிட்டது

நெய்க்கிண்ணம் (கேள்வி)

கறுப்பை ஒட்டிய பழுப்பு நிறத்தில், குழம்பே இல்லாமல் மசாலா கறியைக் கவ்விப் பிடித்திருக்கும் ரெண்டாங் (மலேசிய, இந்தோனேசியத் தேங்காய்ப்பால் கறி) செய்ய வேண்டும். வீட்டில் மாட்டுக்கறி சமைப்பதில்லை என்பதால் ஆட்டுக்கறியில் செய்கிறேன். இரண்டு முறை செய்து இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் கெட்டது.

செய்முறை இதுதான். 1 கிலோ வெள்ளாட்டுத் தொடைக்கறி, குழம்புக்கு வெட்டுவது போலச் சின்னத் துண்டுகளாக. குக்கரில் 5 விசில். சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, காய்ந்த மிளகாய், எலுமிச்சைப்புல் அரைத்து எண்ணெயில் வதக்கி, அதில் கறியையும் கறி வெந்த தண்ணீரையும் ஊற்றினேன். 200 மில்லி அட்டைப்பெட்டித் தேங்காய்ப்பால் 3 பெட்டி. வறுத்து அரைத்த தேங்காய் ஒரு கோப்பையையும் அப்போதே போட்டு, மூடி வைத்து முக்கால் மணி நேரம் சிறு தீயில் விட்டேன்.

கிடைத்தது வெளிர் மஞ்சளில் ஒரு குருமா. எண்ணெய் துளிகூட மேலே வரவில்லை. இன்னும் வற்றட்டும் என்று விட்டால் அடிபிடிக்கிறது, கறி நார்நாராகப் பிரிந்துவிடுகிறது. எங்கே தவறு? இன்னொன்று: லெங்குவாஸ் என்று சொல்லும் இஞ்சி வகைக் கிழங்குக்குச் சித்தரத்தை போடலாமா? மஞ்சள் இலைக்கும் லிமாவ் பூருட் (ஒரு எலுமிச்சை வகை) இலைக்கும் ஊரில் என்ன வழி?

ஈப்போ அடுப்பு

உங்கள் கறிக்கு 5 விசில் அதிகம், பாலுக்கு முக்கால் மணி நேரம் குறைவு. இந்த இரண்டு கடிகாரத்தையும் ஒன்றாக்குவதுதான் ரெண்டாங். பாலில் உள்ள தண்ணீர் முழுவதும் போய் எண்ணெய் வெளியே வருகிற நேரமும், கறி வெந்து முடிகிற நேரமும் ஒன்றாக அமைய வேண்டும்.

நம் வீடுகளில் தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கட்டியதும் இறக்கிவிடுவோம், திரிந்துவிடும் என்ற பயத்தில். இங்கே நேர் எதிர். பால் திரிந்தே ஆக வேண்டும். குழந்தைக்குத் தேய்க்க உருக்கெண்ணெய் காய்ச்சுவதைப் பார்த்திருந்தால் உடனே புரியும்: பால் கொதித்து, கெட்டியாகி, ஒரு கட்டத்தில் வெள்ளைத் திப்பி தனியாகவும் எண்ணெய் தனியாகவும் நிற்கும், பிறகு திப்பி அந்த எண்ணெயிலேயே சிவக்கும். ரெண்டாங்கில் நடப்பதும் அதேதான், நடுவில் கறியும் மசாலாவும் இருக்கின்றன, அவ்வளவு.

நிறம் வராததற்கும் காரணம் அதுவே. சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அந்தச் சூட்டில் கறி வேகும், சிவக்காது. தண்ணீர் போன பிறகுதான் சூடு ஏறும், எண்ணெய் பொரிக்கத் தொடங்கும், பழுப்பு வரும். மூடி போட்டால் ஆவி திரும்பச் சட்டிக்கே வருகிறது. குக்கர் தண்ணீரையும் ஊற்றியதால் வற்ற வேண்டியது இன்னும் கூடிவிட்டது.

அட்டைப்பெட்டிப் பாலைப் பற்றி: பெட்டியில் உள்ள சேர்பொருள்களைப் படியுங்கள். நிலைப்படுத்தி, பால்மமாக்கி என்று ஏதாவது இருந்தால் அது எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்கவே சேர்க்கப்பட்டது. பாயசத்துக்கு நல்லது, ரெண்டாங்குக்கு எதிரி. தேங்காயும் தண்ணீரும் மட்டும் உள்ளதாகக் கிடைத்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் தேங்காயைத் துருவிப் பிழிவதுதான் சரி.

1 கிலோ கறிக்கு என் கணக்கு:

முற்றிய தேங்காய் 3. துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு இரண்டு தடவை பிழிந்து மொத்தம் ஒன்றரை லிட்டர் பால். முதல் பால், இரண்டாம் பால் என்று பிரிக்க வேண்டாம். இளந்தேங்காய் ஆகாது, அதில் எண்ணெய் குறைவு.

அரைக்க: சின்ன வெங்காயம் 250 கிராம், பூண்டு 6 பல், இஞ்சி 30 கிராம், லெங்குவாஸ் 50 கிராம், பச்சை மஞ்சள் 20 கிராம் (இல்லையென்றால் மஞ்சள்தூள் 1 தேக்கரண்டி), எலுமிச்சைப்புல் 3 தண்டின் வெள்ளை அடிப்பகுதி, விதை நீக்கிய காய்ந்த மிளகாய் 20 முதல் 25.

முழுசாகப் போட: தட்டிய எலுமிச்சைப்புல் 2 தண்டு, பட்டை ஒரு துண்டு, கிராம்பு 4, ஏலக்காய் 4, அன்னாசிப்பூ 1, புளிக்கு அசாம் கெப்பிங் (புளிப்புப் பழத்தை வெட்டிக் காயவைத்தது) 2 வில்லை. கடைசியில் மஞ்சள் இலை 1, லிமாவ் பூருட் இலை 5, பனைவெல்லம் 1 மேசைக்கரண்டி.

கறித்துண்டு 4 முதல் 5 செ.மீ. இருக்க வேண்டும். குழம்புத் துண்டு இதற்குத் தாங்காது. எலும்பில்லாத சப்பை அல்லது தொடை, நாருக்குக் குறுக்கே வெட்டச் சொல்லுங்கள். குக்கர் வேண்டாம்.

இப்போது நேரம். அகலமான, அடிகனமான சட்டியில், மூடாமல், மிதமான தீயில் மணிக்குச் சுமார் அரை லிட்டர் தண்ணீர் போகும். ஒன்றரை லிட்டர் பால் எண்ணெய் விட இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். இளம் வெள்ளாட்டுக்கறி ஒன்றேகால் மணி நேரத்தில் வெந்துவிடும். ஆகவே முதல் ஒரு மணி நேரம் பாலும் விழுதும் மட்டும் கொதிக்கட்டும், அதன் பிறகு கறியைப் போடுங்கள். முற்றிய ஆடு என்றால் அரை மணி நேரத்திலேயே போட்டுவிடலாம். மாட்டுக்கறிக்கு இந்தச் சிக்கல் இல்லை, பாலோடு சேர்ந்தே அது மூன்று மணி நேரம் நிற்கும். பெரும்பாலான குறிப்புகள் மாட்டுக்கறிக்கு எழுதியவை. ஆட்டுக்கு அப்படியே செய்தால் நாராவதற்கு அதுதான் காரணம்.

உப்பை முதலில் பாதி மட்டும் போடுங்கள். ஒன்றரை லிட்டர் கால் லிட்டருக்கும் குறைவாக வற்றப் போகிறது. தொடக்கத்தில் நாக்குக்குச் சரியாக இருந்த உப்பு முடிவில் கரிக்கும்.

கெரிசிக் (வறுத்து இடித்த தேங்காய்) அரை மூடித் தேங்காய்த் துருவல் போதும். எண்ணெய் விடாமல், சிறு தீயில், கை நிறுத்தாமல் 15 முதல் 20 நிமிடம் வறுத்தால் காபிப்பொடிக்கு ஒரு படி முந்திய நிறம் வரும். கவனம் இங்கே: ஆறவிடாதீர்கள். சூடாக இருக்கும்போதே உரலில் இடிக்க வேண்டும். முதலில் தூளாக இருக்கும், பிறகு ஈரமணல் மாதிரி ஆகும், பிறகு திடீரென்று பளபளவென்று விழுதாகி உலக்கையில் ஒட்டும். அதுதான் பதம். ஆறின பிறகு இடித்தால் தூளாகவே நிற்கும், குழம்பில் நறநறவென்று பல்லில் படும். மிக்ஸி என்றால் சின்ன ஜாரில், சூட்டோடு, விட்டுவிட்டுச் சுற்றுங்கள்.

அதை எப்போது சேர்ப்பது என்பதில்தான் உங்களுக்கு அடிபிடித்தது. கெரிசிக் தண்ணீரை உறிஞ்சிக் கெட்டிப்படுத்தும். பால் நீர்க்க இருக்கும்போது போட்டால் அடியில் படிந்து கருகும், மேலே இன்னும் வற்றாமல் இருக்கும். எண்ணெய் ஓரங்களில் தெரிந்த பிறகு, இறக்க அரை மணி நேரம் இருக்கும்போது சேருங்கள்.

அரைப்புக்கல்

ஊரில் கிடைப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சித்தரத்தை வேண்டாம். லெங்குவாஸ் என்பது பேரரத்தை. இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் காய்ந்த சித்தரத்தை காரமும் கஷாய வாசமும் தூக்கலாக உள்ளது. 50 கிராம் போட்டால் சட்டி முழுக்க இருமல் மருந்து மணக்கும். பச்சையாகப் பேரரத்தை கிடைத்தால் அதுதான். அதே கடையில் காய்ந்த பேரரத்தை வில்லைகளும் இருக்கும், பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். 10 கிராம் எடுத்து வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அரைக்காமல் முழுசாகவே போட்டு, முடிவில் எடுத்துவிடுங்கள். காய்ந்ததை அரைத்தால் மரத்தூள்தான். எதுவும் கிடைக்காவிட்டால் இஞ்சியைக் கூட்ட வேண்டாம், அது ரெண்டாங்கை இஞ்சிக்கறி ஆக்கிவிடும். விட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மஞ்சள் இலை பொங்கல் சமயத்தில் மஞ்சள் கொத்தோடு வாசலுக்கே வரும். இலையைத் துடைத்து, நடு நரம்பை நீக்கி, சுருட்டி உறைபெட்டியில் போட்டால் மாதக்கணக்கில் இருக்கும். தொட்டியில் ஒரு கிழங்கு நட்டாலும் போதும். இதற்கு மாற்றே இல்லை. கறிவேப்பிலை போட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு கறி.

லிமாவ் பூருட்டுக்கு நாரத்தை இலை ஓரளவு ஈடுகொடுக்கும். எலுமிச்சை இலை அடுத்தபடி. இரண்டுமே நடு நரம்பை உருவிவிட்டு, நூலாக நறுக்கி, இறக்க 10 நிமிடம் முன்புதான் போட வேண்டும். முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் மணம் போய்க் கசப்பு மட்டும் தங்கும்.

எலுமிச்சைப்புல்லில் ஒரு விஷயம். நர்சரிகளில் வாங்கும் சில செடிகளுக்கு அடித்தண்டு பருப்பதே இல்லை, வெறும் புல்தான் இருக்கும். அந்த இலையை அரைக்காதீர்கள், எவ்வளவு அரைத்தாலும் நார் தொண்டையில் சிக்கும். நாலைந்து இலையை முடிச்சுப் போட்டுப் பாலில் விட்டு, பிறகு எடுத்துவிடுங்கள். பருத்த தண்டு கிடைத்தால் அரைக்கும் முன் குறுக்கே காசு காசாக மெல்லியதாக வெட்டுங்கள்.

மிளகாய்க்கு முக்கால் பங்கு காஷ்மீரி, கால் பங்கு நீட்டு மிளகாய். குண்டு மிளகாயை இந்த எண்ணிக்கையில் போட்டால் சாப்பிட முடியாது. கிள்ளி, விதை தட்டி, 5 நிமிடம் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அரையுங்கள். வெறும் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் திப்பிதிப்பியாக நிற்கும்.

கொறக்கா

அசாம் கெப்பிங் கிடைக்காட்டி கொறக்கா போடலாம், ஊரில நீங்கள் குடம்புளி எண்டு சொல்லுறது. ரெண்டும் ஒரே குடும்பம். ஆனா கொறக்கா கறுப்பு, புகை வாசமும் இருக்கும். ஒரு சின்னச் சுளை காணும், கழுவிப்போட்டுப் போடுங்கோ. பழப்புளி கரைச்சு விட வேண்டாம், தண்ணியும் கூடும், புளிக்குழம்பு வாசமும் வந்திடும். றம்பையும் (பாண்டான் இலை) போடாதேங்கோ, அந்த வாசம் நாசி லெமாக் எண்ட தேங்காய்ப்பால் சோறுக்குத்தான் பொருந்தும்.

பாடாங் வழி

மேலே ஈப்போ நண்பர் சொன்னது மலேசிய முறை, அதில் குறையில்லை. இந்தோனேசியாவில் மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் செய்யும் முறை வேறு, அது இவருக்கு இன்னும் சுலபமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அங்கே விழுதைத் தனியாக வதக்குவதில்லை. பாலிலேயே நேராகக் கரைத்துவிடுவார்கள். கடைசியில் எல்லாம் தேங்காய் எண்ணெயிலேயே பொரியப் போகிறது, பிறகு எதற்கு முதலில் வேறு எண்ணெய்? கெரிசிக்கும் கட்டாயமில்லை. கெட்டிப்பு வருவது பாலின் திப்பியிலிருந்து. அது சிவந்து மசாலாவோடு சேர்ந்து கருமையான துகளாகிறது, டெடாக் என்பார்கள். கறி தீர்ந்தாலும் இந்த டெடாக்கைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவார்கள்.

ஒரே சட்டியில் மூன்று உணவு இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் குழப்பம் தீரும். பால் நீர்க்க, மஞ்சளாக இருக்கும் கட்டம் குலாய். அது வற்றிக் கெட்டிக் குழம்பாகி, ஓரத்தில் எண்ணெய் மினுங்கி, செம்பழுப்பாக இருப்பது காலியோ. காலியோவும் வறண்டு, கறுத்து, எண்ணெயில் பொரிந்தால்தான் ரெண்டாங். உணவகங்களில் ரெண்டாங் என்று பரிமாறுவதில் பலவும் காலியோதான். உங்களுக்கு வந்த ‘குருமா’ குலாய் கட்டத்தில் நின்றுவிட்ட ரெண்டாங்.

முதல் கொதி வரும்வரை துழாவிக்கொண்டே இருங்கள். அப்போது விட்டால் பால் கட்டி கட்டியாகத் திரிந்து முடிவுவரை அப்படியே நிற்கும். கொதி வந்தபின் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போதும். காலியோ ஆனதும் தீயைக் குறைத்து, தட்டையான மரக்கரண்டியால் மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை அடியைத் தடவிக் கொடுங்கள். இந்தக் கட்டத்தில் கறியைக் குத்திக் கிளறாமல், கரண்டியை அடியில் விட்டுப் புரட்டுங்கள்.

காதையும் பயன்படுத்தலாம். தண்ணீர் இருக்கும்வரை தளதளவென்று கொதிக்கும். கெட்டியாகும்போது களி போலப் பொத் பொத்தென்று வெடித்துக் கையில் தெறிக்கும். பிறகு தெறிப்பது நின்று ‘சொர்’ என்று பொரியும் சத்தம் மட்டும் கேட்கும், ஆவிக்குப் பதில் வறுத்த தேங்காய் மணம் எழும். அங்கிருந்து 25 முதல் 40 நிமிடம்தான் உண்மையான ரெண்டாங் வேலை. அடுப்பை விட்டு நகரக்கூடாத நேரம் அது.

அடிபிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள். மேலோட்டமாக வேறு சட்டிக்கு மாற்றிவிட்டுத் தொடருங்கள். சுரண்டிய ஒரு கரண்டி கருகல் முழுச் சட்டியையும் கெடுக்கும்.

இரும்புச் சட்டி சூட்டுக்கு அருமையானது, ஆனால் புளி சேர்வதால் நன்றாகப் பழகிய சட்டியாக இருக்க வேண்டும். புதிய இரும்பு என்றால் உலோகச் சுவை ஏறும்.

ஈப்போ அடுப்பு

வதக்குவதில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். கடையில் வாங்கும் வெங்காயம், மிக்ஸியில் தண்ணீர் விட்டு அரைத்த விழுது என்றால் பச்சை வாடை போக வதக்குவதே பத்திரம். சிறு தீயில் 15 நிமிடம், எண்ணெய் விழுதைவிட்டு வெளியே வரும்வரை. பெச்சா மின்யாக் என்று மலாயில் சொல்வார்கள். மூன்று நான்கு மணி நேரம் அடுப்பில் நிற்கும் மாட்டுக்கறி ரெண்டாங்கில் வதக்காவிட்டாலும் பாதகமில்லை. ஆட்டுக்கு நேரம் குறைவு, அதனால் வதக்குங்கள்.

எங்கள் பேராக் மாநிலத்து ரெண்டாங் தோக் பற்றியும் ஒரு வரி. உலர்ந்ததாக, கெரிசிக் தூக்கலாக, மல்லி, சீரகம், சோம்பு சேர்த்துச் செய்வது. தமிழ்நாட்டு நாக்குக்கு இது சட்டென்று பிடிக்கும். மேலே சொன்ன அளவோடு மல்லித்தூள் 2 மேசைக்கரண்டி, சீரகத்தூள், சோம்புத்தூள் தலா 1 தேக்கரண்டி சேர்த்தால் அந்தப் பக்கம் வந்துவிடும்.

மினாங்கபாவ் மக்கள் குடியேறிய மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இன்னொரு வகை: காய்ந்த மிளகாய் இல்லாமல், சிலி பாடி என்னும் ஊசி மிளகாயும் பச்சை மஞ்சளும் போட்டது. அங்கேயே மாமான் கீரையைச் சேர்த்தும் ரெண்டாங் செய்கிறார்கள். மாமான் வேறொன்றுமில்லை, நம் வயல் வரப்பில் முளைக்கும் நல்வேளைக் கீரைதான். கசப்பு உண்டு, அதனால் முதலில் கொதிக்கவைத்துப் பிழிந்துவிட்டுச் சேர்ப்பார்கள்.

நெய்க்கிண்ணம்

மிகவும் நன்றி. ஒரு மணி நேரம் பாலை மட்டும் வற்றவிட்டுக் கறியைப் போட்டதில் எண்ணெய் நன்றாகப் பிரிந்தது, துண்டுகள் உடையவில்லை. நிறமும் வந்தது. ஆனால் வாயில் கடைசியில் லேசான கசப்பு. மேலே எண்ணெயும் ஒன்றரைக் கோப்பை நிற்கிறது, அதைக் கொட்டிவிடலாமா? இதே முறையில் கோழியும், சைவத்துக்குப் பலாக்காயும் செய்யலாமா?

அரைப்புக்கல்

கசப்புக்கு ஐந்து இடங்களில் தேடலாம்: அதிகம் வறுத்த கெரிசிக், நீக்காத மிளகாய் விதை, எலுமிச்சைப்புல்லின் பச்சைப் பகுதியை அரைத்தது, முன்னதாகவே போட்ட நாரத்தை இலை, அளவு மீறிய மஞ்சள். கெரிசிக் மிச்சம் இருந்தால் தனியாக நுனிவிரலில் தொட்டு நக்கிப் பாருங்கள். அதிலேயே கசந்தால் காரணம் தெரிந்துவிட்டது. தேங்காய் அடுப்பில் இருக்கும்போது சரியான நிறம் வந்து, இறக்கிய பின் சட்டிச் சூட்டிலேயே ஒரு படி கூடக் கறுக்கும். கொஞ்சம் முன்பே இறக்கி உரலுக்கு மாற்றிவிடுங்கள்.

பாடாங் வழி

எண்ணெயைச் சமைக்கும்போது எடுக்காதீர்கள், கறி பொரிவது அதில்தான். இறக்கி ஆறியபின் மேலே மிஞ்சுவதை வடித்து வைத்துக்கொள்ளலாம். மசாலா ஏறிய தேங்காய் எண்ணெய் அது. முட்டை பொரிக்க, உருளைக்கிழங்கு வறுக்க அருமையாக இருக்கும்.

பலாக்காய் ரெண்டாங் சுமத்ராவிலேயே உண்டு. பிஞ்சுக்காய் வேண்டும், கொட்டை கெட்டிப்படாதது. 5 செ.மீ. துண்டுகளாக வெட்டி, உப்புத் தண்ணீரில் 15 நிமிடம் வேகவைத்து வடித்து, பால் காலியோ பதத்துக்கு வந்தபின் சேருங்கள். முன்பே போட்டால் கூழாகும். தோலோடு குட்டி உருளைக்கிழங்கையும் இதே போலச் செய்யலாம், அதை மட்டும் முதலில் எண்ணெயில் லேசாகப் பொரித்துக்கொள்ளுங்கள்.

ஈப்போ அடுப்பு

கோழிக்கு நாட்டுக்கோழி நல்லது. பாலை ஒரு மணி நேரம் வற்றவிட்டுப் போட்டால் சரியாக இருக்கும். பிராய்லர் 40 நிமிடத்துக்கு மேல் தாங்காது. அதற்குப் பால் ஒரு லிட்டர் போதும், அதை முக்கால் பங்கு வற்றவிட்டு எண்ணெய் தெரியத் தொடங்கியதும் துண்டுகளைப் போடுங்கள். கோழியும் தண்ணீர் விடும் என்பதை மறக்க வேண்டாம். தோலை உரித்துவிடலாம். தோலோடு போட்டால் அது மெத்தென்றுதான் இருக்கும், மொறுமொறுப்பாகாது. 2018-இல் பிரிட்டன் தொலைக்காட்சிச் சமையல் போட்டி ஒன்றில் கோழி ரெண்டாங்கின் தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று குறை சொல்லி ஒருவரை வெளியேற்றியபோது மலேசியாவும் இந்தோனேசியாவும் சிங்கப்பூரும் ஒரே குரலில் கொதித்தது இதனால்தான். பாலில் வேகும் தோல் எங்கிருந்து மொறுமொறுக்கும்?

வைத்திருக்கும் காலத்தையும் கவனியுங்கள். காலியோ பதத்தில் நிறுத்தினால் ஈரம் இருக்கிறது, குளிர்பெட்டியில் 3 நாளுக்குள் முடித்துவிடுங்கள். நன்றாக வறண்ட ரெண்டாங் குளிர்பெட்டியில் ஒரு வாரம் இருக்கும், உறைபெட்டியில் மூன்று மாதம். இறக்கியதும் சூட்டோடு மூடிவைத்தால் மூடியில் ஆவி நீர்கோத்து உள்ளே சொட்டும், ஊசிப்போவது அங்கிருந்துதான் தொடங்கும். அகலத் தட்டில் பரப்பி முழுக்க ஆறவிட்டு எடுத்துவையுங்கள். மறுநாள் சூடாக்கும்போது தண்ணீர் தெளிக்காமல், சிறு தீயில், அதன் எண்ணெயிலேயே புரட்டுங்கள். செய்த அன்றைவிட மறுநாள் ருசி கூடும், விருந்துக்கு என்றால் முந்தின நாள் மாலையே அடுப்பில் ஏற்றிவிடுங்கள்.